தொடுவதற்கு முன் இரண்டு நொடி

ஜூன் 3

டாக்டர் அம்மாவுக்கு,

போன மாதம் போனை வைக்கும்போது நீ சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "அண்ணி, நேத்து சொன்னதை இன்னைக்கு மாத்திப் பேசறீங்க. இனிமே எதுவா இருந்தாலும் மையில எழுதி அனுப்புங்க." சரி, எழுதுகிறேன். இதற்கு ஒரு நகலும் எடுத்து வைத்திருக்கிறேன்.

உன் அண்ணனின் இதய வால்வு சுருங்கிக்கொண்டு வருவது நம் இருவருக்கும் தெரியும். பிப்ரவரியில் எடுத்த ஸ்கேனைப் பார்த்துவிட்டு இந்த ஊர் அறுவை மருத்துவர், எல்லைக்கோட்டில் இருக்கிறது, மூச்சு வாங்குகிறதென்றால் தள்ளிப்போடாதீர்கள் என்றார். மே மாதம் உன்னைப் பார்க்க வந்தவர் நீ செய்திருக்கும் கருவியில் மார்பைக் காட்டிவிட்டு, ஒரு வருடம் பொறுக்கலாம் என்ற தீர்ப்போடு திரும்பினார். கத்தி என்றாலே நடுங்குகிற மனுஷன். நான் அறுவை என்று வாயைத் திறந்தால், "குட்டி சொல்லிட்டா" என்பதோடு பேச்சை முடித்துவிடுகிறார். உன்னைவிட நான் என்ன கண்டுவிட்டேன் என்று அர்த்தம்.

நான் கண்டது இதுதான். ஊர் லிஃப்டையெல்லாம் பழுது பார்க்கிறவர் குடியிருக்கும் வீட்டுக்கு லிஃப்ட் கிடையாது. இரண்டாவது மாடி, முப்பத்தாறு படி. பதினெட்டாவது படி திரும்பும் இடத்தில் தினமும் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்கிறார். போன வாரம் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தேன், வாரே இல்லாதது. அதையும் குனிந்து சரிசெய்கிறார்.

என் வேலை உனக்கு இளக்காரம் என்று தெரியும். ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு வரும் கட்டுரைகளில் எண்களைச் சரிபார்க்கிறவள், அவ்வளவுதான். இந்த வாரம் வந்தவற்றைச் சொல்கிறேன். உடைந்த எலும்பை ஒட்டும் பசை ஒன்று. விரிசல் விழும் முன்பே பாலத்தைப் பற்றி எச்சரிக்கும் கம்பி ஒன்று. கையெழுத்தைப் பார்த்து மறதி நோயைச் சொல்லும் புரோகிராம் ஒன்று. முப்பது வருடமாக யாரும் அவிழ்க்காத கணக்கை அவிழ்த்துவிட்டேன் என்று ஒருவர். பசைக்காரர் செத்த எலிகளைக் கூட்டலில் விட்டுவிட்டார். பாலக்காரரின் அளவுகள் எல்லாம் ஐந்திலோ சுழியிலோ முடிகின்றன. கணக்குக்காரர் பொய் சொல்லவில்லை, பதினோராம் பக்கத்தில் ஒரு படியைத் தாண்டிவிட்டார். இப்படியே பார்த்துப் பழகிய கண் இது, அந்தக் கருவியைப் பற்றிய உன் கட்டுரையையும் அப்படித்தான் பார்த்தது.

நூற்றுக்குத் தொண்ணூற்றேழு சரி என்கிறாய். இத்தனை அழகான எண்ணைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வருகிறது. அவர் விஷயத்தில் நீ எவ்வளவு நிச்சயமாக இருக்கிறாய் என்று எழுது. பதிலை என் அலுவலகத்துக்கு அனுப்பு, வீட்டுக்கு வேண்டாம்.

அண்ணி


ஜூன் 9

அண்ணிக்கு,

"டாக்டர் அம்மா" என்று ஆரம்பித்ததிலேயே கடிதத்தின் லட்சணம் தெரிந்துவிட்டது. இருந்தாலும் முழுவதும் படித்தேன்.

கருவியைப் பற்றி உங்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. உள்ளங்கை அளவு. பொத்தானை அழுத்தி மார்பில் வைத்தால் இருபது நொடி கேட்கும். கம்ப்யூட்டர் "உடனே" என்றோ "பொறுக்கலாம்" என்றோ சொல்லும். இரண்டு வருடம், நானூற்றுப் பன்னிரண்டு பேர், ஒவ்வொருவரையும் நானே பதிவு செய்தேன். நர்ஸிடம்கூடக் கொடுக்கவில்லை. மற்றவர்களின் பதிவையும் ஸ்கேனையும் வைத்துக் கற்றுக்கொண்டு, கம்ப்யூட்டர் ஒவ்வொருவருக்கும் தீர்ப்புச் சொன்னது. நானூறு பேருக்குச் சரியாகச் சொன்னது. ஸ்கேன் இயந்திரம் எட்டிப் பார்க்காத ஊர்களில் இது எத்தனை பேரைக் காப்பாற்றும் என்று ஒரு நிமிடமாவது யோசித்தீர்களா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

அண்ணன் விஷயத்தில் நான் நிச்சயமாக இருக்கிறேன். என் அறை பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருக்கிறது. நோயாளிகளுக்கான லிஃப்ட் இரண்டாவது மாடியோடு நின்றுவிடும், அதற்கு மேல் செங்குத்தான படி. அங்கே வந்து உட்கார்ந்து, மூச்சு வாங்காமல் முக்கால் மணி நேரம் என்னைக் கேலி செய்தார். மூச்சு வாங்குகிறதா என்று கேட்டேன், "உங்க அண்ணி பேசும்போது மட்டும்" என்றார்.

இப்போது நான் கேட்கிறேன். என் கட்டுரையை வெளியிட்ட பத்திரிகைக்கு ஏப்ரலில் ஒரு மொட்டைக் கடுதாசி போயிருக்கிறது. எண்கள் நம்பும்படி இல்லை, பதிவுகளில் பாதி கட்டுரை எழுதியவரின் சொந்த அறையில் எடுக்கப்பட்டவை, விசாரியுங்கள் என்று. விசாரித்தார்கள், ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டார்கள். ஆனால் சொந்த அறை என்ற விவரம் கட்டுரையில் எங்கும் கிடையாது. என் அறைக்கு வந்து டீ குடித்தவர்களுக்குத்தான் அது தெரியும். நீங்கள் ஜனவரியில் வந்து இரண்டு கோப்பை குடித்தீர்கள்.

குட்டி


ஜூன் 15

குட்டிக்கு,

மொட்டைக் கடுதாசியைப் பிறகு பேசலாம். முதலில் உயிர், அப்புறம் மானம்.

மூன்றாவது மாடிக்கு ஏறினீர்களா என்று அவரிடம் கேட்டேன். "ஏறினேனே, குட்டியையே கேளு" என்றார். சொன்ன கையோடு ஸ்டூலைப் போட்டு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கழற்ற ஆரம்பித்தார். பதினாறு வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு அந்த ஸ்டூல் எதை மறைக்க என்று தெரியாதா? இரண்டாவது மாடிக்கு ஏறுவதற்குள் செருப்பு வாரைத் தேடுகிறவர் மூன்றாவது மாடியில் வந்து கேலி பேசினார் என்று நீ எழுதுகிறாய். இருவரில் ஒருவர் எனக்குக் கதை சொல்கிறீர்கள்.

உன் புரோகிராமர் எல்லாவற்றையும் சோதித்துவிட்டதாகக் கட்டுரையில் எழுதியிருக்கிறாய். அந்தக் கருவியில் அவருக்கும் பெயர் இருக்கிறது. வேலிக்கு ஓணான் சாட்சி. நீ சுத்தமாக இருந்தால் நானூற்றுப் பன்னிரண்டு பதிவுகளையும் அந்தப் புரோகிராமையும் எனக்கு அனுப்பு. பெயர்கள் வேண்டாம், எண்கள் போதும். அனுப்ப மறுத்தால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்வேன்.

அண்ணி


ஜூன் 21

அண்ணிக்கு,

அட்டைக்குள் ஒட்டியிருக்கும் பென் டிரைவில் எல்லாம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் எழுதிக் கேட்டு அனுமதி வாங்கித்தான் அனுப்புகிறேன். என் குடும்பத்திலேயே ஒருவர் என்னை நம்பவில்லை என்று காரணம் எழுத வேண்டியிருந்தது. அந்த வரியை எழுதும்போது என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பிரதி என்னிடம் இருக்கிறது, ஒரு சத்தம் மாறினாலும் எனக்குத் தெரியும்.

மொட்டைக் கடுதாசியைப் பிறகு பேசலாமாம். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், உங்கள் நெஞ்சுக்கு அந்தப் பழக்கமும் இல்லை போலிருக்கிறது.

நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு ஆடவில்லை. ஆகஸ்டில் ஆயிரம் பேரை வைத்துப் பெரிய சோதனை ஆரம்பிக்கிறது. அதற்கு முன், ஸ்கேனில் எல்லைக்கோட்டில் நின்ற ஐந்து பேருக்கு மட்டும் மே மாதத்தில் கருவியை வைத்துப் பார்த்தேன். அண்ணன் ஐந்தாவது ஆள். மற்ற நால்வரில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், அக்கா தங்கை இருவர், ஒரு தையல்காரர். தையல்காரர் என் வெள்ளைக் கோட்டைப் பார்த்த உடனே, ஒரு கை அரை அங்குலம் நீளம் என்றார். பதினோரு வருடமாகப் போடுகிறேன், எனக்கே தெரியாது. "கழட்டிக் குடுங்க டாக்டர், கண்ணை உறுத்துது" என்று கையோடு வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஐந்து பேருக்கும் கருவி "பொறுக்கலாம்" என்றது. ஐந்து பேரும் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள். நீங்கள்தான் அண்ணனை நிம்மதியாக இருக்க விடவில்லை.

குட்டி


ஜூலை 2

குட்டிக்கு,

உட்கார்ந்துகொண்டு படி.

ஒரு வாரமாக உன் பதிவுகளைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீ முதலில் பொத்தானை அழுத்துகிறாய், பிறகு கருவியை மார்பில் வைக்கிறாய். வைக்கும்போது டொக்கென்று ஒரு சத்தம் வருகிறது. அழுத்துவதற்கும் வைப்பதற்கும் நடுவில் இரண்டு நொடி, சில சமயம் கொஞ்சம் அதிகம். அந்த இரண்டு நொடியில் இதயமே கிடையாது, வெறும் காற்றுதான்.

ஒவ்வொரு பதிவிலும் அந்த இரண்டு நொடியை மட்டும் வெட்டி எடுத்து, மற்றதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு உன் புரோகிராமிடம் கொடுத்தேன். தடுமாறும் என்று எதிர்பார்த்தேன். நானூற்றுப் பன்னிரண்டில் நானூறு பேருக்குச் சரியாகச் சொன்னது. முழுப் பதிவையும் கேட்டுவிட்டுச் சொன்ன அதே நானூறு. தவறும் அதே பன்னிரண்டு பேருக்குத்தான். குட்டி, உன் கருவி மார்பைத் தொடும் முன்பே தீர்ப்பை எழுதிவிடுகிறது.

இதற்கு எனக்குத் தெரிந்த விளக்கம் ஒன்றுதான். விடையை யாரோ முன்கூட்டியே அதன் காதில் ஓதியிருக்கிறார்கள். பதிவுக்குள் ஏதோ அடையாளம் வைத்திருக்கிறார்கள். புரோகிராமரா, நீயா, இல்லை இருவரும் சேர்ந்தா என்று தெரியவில்லை. உன் கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், அவள் பொய் சொல்லத் தெரியாதவள் என்று எல்லோரிடமும் சொன்னவள் நான்.

ஐந்து பேருக்கும் ஒரே பதில் வந்ததாக எழுதியிருந்தாய். அது உனக்கு ஒரு நாளும் உறுத்தவில்லையா? அவர் மறுபடி ஸ்கேனுக்கு வர மாட்டேன் என்கிறார். நீ சொன்னால்தான் வருவாராம்.

மொட்டைக் கடுதாசி என்னுடையதுதான். மார்ச்சில் உன் கட்டுரையைப் படித்தேன், ஏப்ரலில் எழுதினேன். உன் முகத்தைப் பார்த்துக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கேட்டால் உன் அண்ணன் என்னோடு பேசாமல் போய்விடுவார் என்று பயந்தேன். மையில் எழுது என்று சொன்னாயே, எழுதிவிட்டேன்.

அண்ணி


ஜூலை 7

அண்ணிக்கு,

என் காதில் ஓத யாரும் இல்லை, நானும் யார் காதிலும் ஓதவில்லை. பெயர் போட்டு எழுதத் துணிச்சலில்லாத ஒருவர் என்னைத் திருடி என்கிறார். இதை வைத்துக்கொண்டு நீங்கள் எந்தப் பத்திரிகைக்கு வேண்டுமானாலும் எழுதுங்கள். இந்த முறையாவது கீழே பெயரைப் போடுங்கள். அண்ணனிடம் நானே

ஜூலை 9

மேலே இருப்பதைக் கிழிக்கவில்லை. மையில் எழுதியது அப்படியே இருக்கட்டும்.

அன்று கோபத்தில் பாதியில் எழுந்துபோய், நீங்கள் சொன்ன இரண்டு நொடிகளைக் கேட்டேன். அடையாளம் ஏதாவது வைத்திருக்கிறானா என்று புரோகிராமரையே சந்தேகப்பட்டுத்தான் ஆரம்பித்தேன். நூறு பதிவு கேட்கும்வரை ஒன்றும் தெரியவில்லை. பிறகு "உடனே" என்றவற்றை ஒரு பக்கமும் "பொறுக்கலாம்" என்றவற்றை ஒரு பக்கமுமாகப் பிரித்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். "பொறுக்கலாம்" பக்கம் அமைதியாக இருந்தது. "உடனே" பக்கம் அடியில் மெல்லிதாக ஒரு உறுமல்.

அந்த உறுமல் எனக்குத் தெரியும். முதல் மாடி வார்டில், சுவருக்கு அந்தப் பக்கம் மருந்து வைக்கும் ஃபிரிட்ஜ் இருக்கிறது. பதினோரு வருடமாகக் கேட்டுக் கேட்டு என் காது அதை மறந்துவிட்டது. கருவியின் காது மறக்கவில்லை.

அண்ணி, ஏறி வர முடிந்தவர்கள் மூன்றாம் மாடிக்கு வந்தார்கள். முடியாதவர்களை ஏறவைக்க எனக்கு மனமில்லை. அவர்களிடம் நானே கருவியை எடுத்துக்கொண்டு வார்டுக்கு இறங்கிப் போனேன், படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து பதிவு செய்தேன். நல்ல காரியம் செய்வதாகத்தான் நினைத்தேன். பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். தவறான பன்னிரண்டு பேரில் எட்டுப் பேர், நோய் முற்றியும் பிடிவாதமாக மாடி ஏறி வந்தவர்கள். நான்கு பேர் லேசான நோயோடு வேறு ஏதோ காய்ச்சலுக்காக வார்டில் படுத்திருந்தவர்கள். கருவி இரண்டு வருடமாக ஒரு இதயத்தையும் கேட்கவில்லை. நான் எந்த மாடியில் இருக்கிறேன் என்பதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

மே மாத ஐந்து பேரையும் என் அறையில்தான் வைத்துப் பார்த்தேன். அங்கே யாரை உட்காரவைத்தாலும் அது "பொறுக்கலாம்" என்றுதான் சொல்லும்.

இன்னொன்று. அண்ணன் அன்றைக்கு ஏறவில்லை. படிக்கட்டுக்குக் கீழே நின்று, பின்பக்கச் சரக்கு லிஃப்ட் சத்தம் சரியில்லை, கேபிளைப் பார்க்க வேண்டும், அதிலேயே போவோம் என்றார். தொழில் புத்தி என்று சிரித்துக்கொண்டே கூட்டிப் போனேன். அதை ஒரு விஷயமாகவே நான் நினைக்கவில்லை. என் அறைக்கு வந்தவர்களில் ஏறாமல் வந்தவர் அவர் ஒருவர்தான்.

இது உங்கள் கையில் சேரும் முன் அவருக்கு என் போன் வந்திருக்கும். ஸ்கேனுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். மற்றதைப் பிறகு திட்டுங்கள்.

குட்டி


ஜூலை 14

குட்டிக்கு,

நீ போன் செய்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவர் போனை வைத்துவிட்டு ஸ்டூலைத் தேடினார். நான் அதை ஏற்கெனவே மறைத்து வைத்திருந்தேன். உட்கார்ந்தார்.

"அந்த லிஃப்ட்ல ஒரு கோளாறும் இல்ல" என்றார். "கீழ நின்னு படியை நிமிர்ந்து பார்த்தேன். முடியாதுன்னு தெரிஞ்சிருச்சு. சின்னப் பொண்ணு முன்னாடி மூச்சு வாங்கிட்டு நிக்கறதுக்கு வெக்கமா இருந்துச்சு." அந்தச் சின்னப் பொண்ணுக்கு நாற்பத்தொரு வயது என்று சொன்னேன், சிரித்தார். பிறகு அழுதார். நானும்தான்.

ஸ்கேன் எடுத்தாயிற்று. பிப்ரவரியில் இருந்ததைவிட வால்வு இன்னும் சுருங்கியிருக்கிறது. இந்த மாதம் இருபத்து மூன்றாம் தேதி அறுவை. உன் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை, இங்கேயே செய்துகொள்கிறோம். காரணம் கேட்காதே.

உன்னைத் திருடியாக்கி எழுதியது தவறு. விடையை யாரும் ஓதவில்லை, நீ கருணையோடு இரண்டு மாடி இறங்கியதே விடையாகிவிட்டது. என் இருபது வருட வேலையில் இப்படி ஒரு தவறைப் பார்த்ததில்லை. உன் மேல் சந்தேகம் முழுவதும் போய்விட்டது என்று எழுத ஆசை, ஆனால் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. மற்ற நான்கு பேரைப் பற்றி நீ ஒரு வரியும் எழுதவில்லை.

அண்ணி


ஜூலை 20

அண்ணிக்கு,

கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். ஆகஸ்ட் சோதனை நின்றுவிட்டது. காரணத்தை ஒளிக்காமல் எழுதிக் கொடுத்தேன், ஃபிரிட்ஜ் உட்பட. தலைமை மருத்துவர் இரண்டு முறை படித்துவிட்டு, இதை வேறு மாதிரி எழுதலாமே என்றார். எழுத மாட்டேன் என்றேன். புரோகிராமர் என்னோடு பேசுவதில்லை. வார்டில் ஃபிரிட்ஜ் பக்கம் போனாலே நர்ஸுகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

ஆசிரியைக்கும் அக்கா தங்கை இருவருக்கும் போன் செய்து வரவழைத்துவிட்டேன். தங்கைக்கு இப்போது அவசரமில்லை. ஆசிரியையையும் அக்காவையும் அறுவைக்கு அனுப்பிவிட்டேன், நேரம் தப்பவில்லை.

இருபத்து மூன்றாம் தேதி நான் வர வேண்டுமா, வரக் கூடாதா? காரணம் கேட்கவில்லை. வரலாமா என்று மட்டும் கேட்கிறேன்.

குட்டி


ஜூலை 28

குட்டிக்கு,

உன் கடிதம் அறுவைக்கு மறுநாள்தான் வந்தது. வந்திருந்தாலும் என்ன பதில் சொல்லியிருப்பேனோ தெரியாது. போன் எண் இருந்தும் இருவரும் போனை எடுக்கவில்லை பார், நம் வீம்பு அப்படி.

அவர் நன்றாக இருக்கிறார். ஐந்தரை மணி நேரம் ஆனது. வெளியே நாற்காலியில் உட்கார்ந்து தரையில் இருந்த ஓடுகளை எண்ணினேன், மூன்று முறையும் மூன்று விடை வந்தது. நேற்று வார்டுக்கு மாற்றினார்கள். இங்கேயும் தலைமாட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஃபிரிட்ஜ் உறுமுகிறது. உன் கருவியைக் கொண்டுவந்து வைத்தால், "உடனே" என்று இன்னொரு முறை அறுக்கச் சொல்லும் என்றேன். தையல் வலிக்க வலிக்கச் சிரித்தார். குட்டிக்கும் இதை எழுது என்றார்.

எழுதிவிட்டேன். இப்போது என் கேள்வி. போன கடிதத்தில் ஆசிரியை இருக்கிறார், அக்கா இருக்கிறார், தங்கை இருக்கிறார். கூட்டினால் மூன்றுதான் வருகிறது. தையல்காரரைக் காணோம். கூட்டல் என் தொழில் என்று தெரிந்தும் எனக்கே மூன்று பேரைக் காட்டி நால்வர் என்கிறாயா? எழுது.

அண்ணி


ஆகஸ்ட் 3

அண்ணிக்கு,

அண்ணன் சிரித்ததாக எழுதிய வரியைப் பத்து முறை படித்தேன்.

தையல்காரரின் போன் ஒன்பதாம் தேதியிலிருந்து அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. ஊருக்குப் போயிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உங்களுக்கு எழுதாமல் விட்டதும் அதனால்தான். நீங்கள் கேட்ட பிறகு, நேற்று மதியம் பதிவேட்டில் இருந்த முகவரிக்குப் போனேன்.

முன்னறைதான் கடை. தையல் இயந்திரத்தின் மேல் துணி போர்த்தியிருந்தது. அவர் மனைவி கதவைத் திறந்தார். ஜூன் கடைசியில், துணி வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தரிக்கோலோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாராம், பிறகு எழுந்திருக்கவே இல்லையாம். நான் யார் என்று சொன்னதும் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "எத்தனையோ டாக்டர்ங்ககிட்ட போனோம். வீடு தேடி வந்தது நீங்க ஒருத்தர்தான்மா" என்றார்.

பிறகு உள்ளே போய் என் கோட்டை எடுத்து வந்தார். இஸ்திரி போட்டு, காகிதத்தில் சுற்றி, என் பெயர் எழுதி வைத்திருந்தார். தையல்காரர் ஜூன் ஆரம்பத்திலேயே முடித்துவிட்டாராம், கூப்பிட்டுக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். அந்த அம்மா அங்கேயே போட்டுப் பார்க்கச் சொன்னார். போட்டேன். இரண்டு கையும் சரியாக இருக்கிறது.

மே மாதம் அவர் என் அறைக்கு வந்த நாளைத் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். சொன்ன நேரத்துக்கு இருபது நிமிடம் தாமதமாக வந்தார். வழியில் யாரிடமாவது பேச்சுக் கொடுத்திருப்பார் என்று நினைத்தேன். அந்த இருபது நிமிடமும் அவர் படிக்கட்டில்தான் இருந்திருக்கிறார், அண்ணி. நான் கதவைத் திறந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. தண்ணீர் கொடுத்தார், குடித்தேன். நன்றி சொன்னார், வாங்கிக்கொண்டேன். கோட்டைப் போட்டுக்கொண்டே தெருவில் நடந்து வந்தேன். என்னைத் திருடியாக்கி எழுதியது தவறு என்றீர்கள். அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

குட்டி


ஆகஸ்ட் 7

என் குட்டிக்கு,

எதையும் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன். இதை நீ மட்டும் சுமக்கவும் விட மாட்டேன். என் பங்கு இதில் இருக்கிறது.

மார்ச்சில் உன் கட்டுரையைப் படித்தபோதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அன்றைக்கே ரயில் ஏறி வந்து, குட்டி, அந்தப் பதிவுகளைக் கொடு, இருவரும் உட்கார்ந்து கேட்போம் என்று சொல்லியிருந்தால், திட்டிக்கொண்டே கொடுத்திருப்பாய். ஒரு வார வேலை. ஏப்ரல் முடியும் முன் கருவி பெட்டிக்குள் போயிருக்கும். தையல்காரர் மே மாதம் அந்தப் படியில் ஏறியிருக்கவே வேண்டாம். நான் பெயர் போடாமல் ஒரு கடிதம் எழுதி, தபால்பெட்டியில் போட்டுவிட்டு, கடமை முடிந்தது என்று வீட்டுக்கு வந்து தூங்கினேன். சந்தேகப்படத் தெரிந்த எனக்குக் கேட்கத் தெரியவில்லை. இதை இன்று காலையில் உன் அண்ணனிடமும் சொல்லிவிட்டேன். "ரெண்டு பேரும் அந்த அம்மாகிட்ட போங்க. நான் இங்க இருந்துப்பேன்" என்றார்.

நேரில் சொல்ல ஆரம்பித்தால் அந்த அம்மா மறுபடியும் உன் கையைப் பிடித்துக்கொள்வார், நீ மறுபடியும் தண்ணீரைக் குடித்துவிட்டு வருவாய். அதனால் எழுது. ஃபிரிட்ஜ், மூன்றாவது மாடி, அந்த இருபது நிமிடம் எல்லாவற்றையும் அவருக்குப் புரிகிற மாதிரி எழுது. மன்னிப்பைக் கடைசியில் ஒரு முறை கேட்டால் போதும். அடியில் உன் பெயரைப் போட்டுவிட்டு எனக்கும் இடம் விடு. ஏப்ரலில் போடாத கையெழுத்தை அங்கே போடுகிறேன்.

வியாழக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். பத்து மணிக்கு உன் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன், இருவரும் போய்க் கடிதத்தை அந்த அம்மாவின் கையில் கொடுப்போம். அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு வா.

அண்ணி